ட்ரிம் என்று நான் எழுதிய கடிதம்

என் பணிக்காலத்தில் நான் எழுதிய கடிதங்களில் ஆக மோசமானது ஒரு நான்கு வரிக் கடிதம். அதில் எழுத்துப் பிழை இல்லை, இலக்கணப் பிழையும் இல்லை. எனக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் பார்த்திருந்தால் சரி போட்டிருப்பார். அந்தக் கடிதத்துக்குப் பிறகு, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான ஒரு லயத்தில் இரண்டு வீடுகள் உடைந்தன.

தோட்டத்து ஆபீஸ்களில் இப்போது வேலைக்குச் சேரும் பிள்ளைகள் என்னைவிட நன்றாக இங்கிலீஷ் எழுதுகிறார்கள். அதனால்தான் இதை எழுதி வைக்கிறேன். இந்தத் தவறு நன்றாக எழுத ஆசைப்படுகிறவர்களுக்குத்தான் நடக்கும். ஆசை இல்லாதவர்கள் 'கட்' என்று எழுதிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போயிருப்பார்கள்.

1. பங்களா வேலி

கந்தப்பளைக்கு மேலே ஒரு தோட்டம். அங்கே இருபத்திரண்டு வருடம் ஸ்டோரில் இருந்தேன். தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்போம். வருகிற கொழுந்தின் நிறையைப் புத்தகத்தில் பதிவது என் வேலை. அதற்கு இலக்கங்கள் தெரிந்தால் போதும். பிறகு ஆபீஸில் கடிதம் எழுதிய கிளாக்கர் வேலையை விட்டுக் கொழும்புக்குப் போனார். தோட்டத்து மேலாளரான தொரை என்னைக் கூப்பிட்டார்.

"மிஸ், நீ இனி ஆபீஸ்ல வேலை செய். இங்கிலீஷ் தெரியும்தானே?"

எங்கள் தொரை சிங்களவர், நல்ல மனிதர். தோட்டத்துக்கு வந்துதான் தமிழ் பழகினார். அவருக்குத் தமிழ் பழக்கியவர்கள் மரியாதை விகுதியை விட்டுவிட்டார்கள். அதனால் எல்லோரையும் நீ என்பார், சாமியைக் கும்பிடும்போதுகூட.

தெரியும் என்று சொன்னேன். சொன்ன பிறகு நுவரெலியாவில் சனிக்கிழமை வகுப்பில் சேர்ந்தேன்.

ஆபீஸுக்கு வந்த முதல் வாரம் தொரையிடமிருந்து போனில் ஒரு மெசேஜ். மறுநாள் பங்களாவுக்கு விருந்தாளிகள் வருகிறார்கள், வேலியை ட்ரிம் செய்யச் சொல்லு என்று இருந்தது. அகராதியைப் புரட்டினேன். ட்ரிம்: கத்தரி, நறுக்கி ஒழுங்குபடுத்து, அழகுபடுத்து. பங்களாத் தோட்டக்காரரிடம் போய், "வேலிய கத்திரிச்சு அழகாக்கணுமாம்" என்றேன். அவர் பெரிய கத்தரியை எடுத்துச் சைப்ரஸ் வேலியின் மேலும் பக்கமும் ஒரே சீராக வெட்டிவிட்டார். மறுநாள் தொரை ஆபீஸுக்கு வந்து, "வெரி குட்" என்றார். அந்த ஆபீஸில் எனக்குக் கிடைத்த முதல் வெரி குட் அதுதான்.

அதிலிருந்து அந்தச் சொல்லை நான் விடவில்லை. விளையாட்டு மைதானத்துப் புல்லை ட்ரிம் செய்ய வேண்டும் என்று எழுதினேன். ரோட்டோரச் செடிகளை ட்ரிம் செய்தாயிற்று என்று எழுதினேன். கோயில் திருவிழா அறிவித்தலில் பேச்சாளர்களின் நேரத்தைக்கூட ட்ரிம் செய்தேன். எதிலும் யாருக்கும் ஒரு கெடுதலும் வரவில்லை. கெடுதல் வராததால் அந்தச் சொல் எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று முடிவு செய்தேன்.

இதில் வெட்கப்பட வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. வெட்டுகிற வேலைக்குத் தோட்டத்தில் சொல் பஞ்சமே இல்லை. தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டி மறுபடி துளிர்க்க விடுவது கவ்வாத்து. அதற்கு ஆபீஸ் ரிப்போர்ட்டில் ப்ரூன் என்று எழுதுவோம், அதில் யாரும் தவற மாட்டார்கள். நிழல் மரத்தில் கொப்பைக் கழிப்பார்கள். புல்லைச் செதுக்குவார்கள். மரத்தைத் தறிப்பார்கள். இந்தச் சொற்களோடு லயத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். ஆபீஸ் கதிரையில் உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டேன்.

2. நான்கு வரி

மேல் டிவிஷனில் எட்டு வீட்டு லயம் ஒன்று. அதன் பின்பக்கம் செங்குத்தான மண்மேடு. மேட்டு விளிம்பில் நான்கு டர்பன்டைன் மரங்கள். யூக்கலிப்டஸ் மரத்தை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வது. ஒவ்வொன்றும் இரண்டு பேர் கைகோத்தால் கட்டிப்பிடிக்கலாம் என்கிற பருமன். மழைக்கு மண் கரைந்து கரைந்து வேர்கள் வெளியே தெரிந்தன. நான்கும் லயத்துப் பக்கமாகச் சாய்ந்து நின்றன.

அந்த லயத்திலிருந்து ஆறு ஏழு பேர் ஒரு நாள் மாலை ஆபீஸுக்கு வந்தார்கள். எல்லோருக்கும் சேர்த்துப் பேசியவர் பார்வதி அக்கா. கொழுந்து எடுப்பவர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். கடைசி வீடு அவருடையது. அவர் சத்தம் போட்டுப் பேச மாட்டார். ஆனால் பதில் கிடைக்கும்வரை அந்த இடத்தை விட்டு நகரவும் மாட்டார்.

"கிளாக்கரம்மா, அந்த மரம் நாலும் விழப்போகுது. தொரைகிட்ட சொல்லிட்டோம், கண்டாக்கையாகிட்ட சொல்லிட்டோம். கொழும்புக்கு எழுதணும்னு சொல்றாங்க. எழுதுங்க."

"எழுதுறேன் அக்கா. என்னான்னு எழுத?"

"தூரோட எடுக்கணும்னு எழுதுங்க. என் மருமகளுக்கு இது மாசம். பொறக்கிற புள்ளைய அந்த மரத்துக்குக் கீழ போட ஏலாது."

தொரையிடம் போனேன். பெரிய மரத்தில் கை வைக்கக் கொழும்பிலுள்ள தலைமை அலுவலகத்தின் அனுமதி வேண்டும். அவருக்கும் அந்த மரங்களைக் கண்டால் பயம்தான். "நல்ல மரியாதையா ஒரு லெட்டர் எழுது மிஸ். ஹெட் ஆபீஸ் கோபப்படக் கூடாது" என்றார்.

அந்த மரியாதைதான் என்னைக் கெடுத்தது. கட் என்று எழுதினால் முகத்தில் அடித்த மாதிரி இருக்குமே என்று யோசித்தேன். கட் டவுன் என்றால் இன்னும் மோசம், சண்டைக்குப் போகிறவர்கள் சொல்வதுபோல இருந்தது. லயத்துக்கு மேலே நிற்கும் நான்கு மரங்களையும் தயவுசெய்து ட்ரிம் செய்து தரும்படி நான்கு வரியில் எழுதினேன். வாசித்துப் பார்த்தேன். அழகாக இருந்தது. தொரை வாசித்தார், தலையாட்டினார், கையெழுத்து வைத்தார்.

பார்வதி அக்கா வெளியே நின்றுகொண்டிருந்தார்.

"தூரோடன்னு எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேன்" என்றேன். பொய் சொல்கிறோம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

3. தலையா, தூரா?

பதில் வர இரண்டு மாதம் ஆனது. அதற்குள் பார்வதி அக்காவின் மருமகளுக்குப் பெண்குழந்தை பிறந்துவிட்டது. வந்த கடிதத்தில் அனுமதி தரப்பட்டிருந்தது. மரங்களை லொப் செய்யலாம், இந்தத் திகதிக்குள் ஆட்கள் வருவார்கள் என்று இருந்தது. லொப் என்ற சொல்லை நான் அதுவரை பார்த்ததில்லை. என்னுடைய ட்ரிம்மைவிடக் கொஞ்சம் பலமான சொல்லாகத் தெரிந்தது. கேட்டதைவிடக் கூடுதலாகவே கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அகராதி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கையை நீட்டவில்லை.

பெரட்டுக் களத்தில், அதாவது காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடத்தில், அறிவித்தல் ஒட்டினேன். "மேல் டிவிஷன் லயத்துக்குப் பின்னாலுள்ள நான்கு மரங்களும் வெட்டப்படும்."

அந்த லயத்து ஆட்களுக்கு நிம்மதி. பெருமழை தொடங்கினால் புள்ளக்காம்பராவில் போய் இருப்பது என்று ஏற்கெனவே பேசி வைத்திருந்தார்கள். வேலை நேரத்தில் கைக்குழந்தைகளை விட்டுப் போகிற இடம் அது. பெரிய கூடம், நல்ல கூரை. இனி அது தேவையில்லை என்று கட்டிய மூட்டையை அவிழ்த்துவிட்டார்கள்.

பார்வதி அக்கா மட்டும் கூடையோடு நேராக ஆபீஸுக்கு வந்தார்.

"கிளாக்கரம்மா, வெட்டப்படும்னு போட்டிருக்கே. தலையையா, தூரையா?"

"வெட்டுறதுன்னா வெட்டுறதுதானே அக்கா."

"முடியும்தான் வெட்டுறாங்க, ஆட்டையும்தான் வெட்டுறாங்க. ரெண்டும் ஒன்னா?"

எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. கொழும்பிலிருந்து இங்கிலீஷில் அனுமதி வந்திருக்கிறது, இவர் ஆட்டைப் பற்றிப் பேசுகிறார். "எல்லாம் பேப்பர்ல இருக்கு அக்கா, போயிட்டு வாங்க" என்றேன். இந்த வாசகத்தை ஆபீஸில் வேலை செய்யும் எல்லோரும் ஒரு நாள் சொல்வீர்கள். சொல்லும் முன் பேப்பரைப் பாருங்கள்.

4. பாஸ் சொன்னது

குறித்த நாளில் மரம் வெட்டும் ஆட்கள் ஐந்து பேர் லொறியில் வந்தார்கள். அவர்களுக்குத் தலைவரை எல்லோரும் பாஸ் என்று கூப்பிட்டார்கள். மத்தியானம் கண்டாக்கையா எனக்குப் போன் எடுத்தார். மலையில் ஆட்களின் வேலையை மேற்பார்வை செய்யும் உத்தியோகத்தர் அவர். "மிஸ், மேல கொஞ்சம் வந்துட்டுப் போங்க. ஆளுங்க சத்தம் போடுறாங்க" என்றார்.

ஏறிப் போனேன். மரங்கள் நான்கும் நின்றன. கொப்பு, கிளை, இலை ஒன்றும் இல்லை. அடிமரம் மட்டும் பழையபடி லயத்தைப் பார்த்துச் சாய்ந்து நின்றது. கொப்புகளைக் கட்டுக்கட்டாக ஒதுக்கி வைத்துவிட்டுப் பாஸ் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"மரத்த வெட்டலையா?" என்று கேட்டேன்.

"வெட்டிட்டோமே மிஸ். பேப்பர்ல கொப்புதான் இருக்கு. மரத்துல கை வச்சா நான்தான் மாட்டிக்குவேன்."

அவர் போனில் இருந்த கடிதத்தைக் காட்டினார். லொப் என்ற சொல்லுக்கு மேல் விரலை வைத்தார். அவர் பள்ளிக்கூடத்தில் எத்தனை வருடம் படித்தார் என்று எனக்குத் தெரியாது. அந்தச் சொல்லின் அர்த்தம் அவருக்குச் சரியாகத் தெரிந்திருந்தது. தொழிலில் இருப்பவருக்குத் தொழிலின் சொல் தெரியும்.

ஆட்கள் என்னைச் சுற்றி நின்று கேட்டார்கள். ஒருவர், "வெட்டப்படும்னு எழுதுனது நீங்கதானே?" என்றார். பார்வதி அக்கா மரத்தை ஒரு தடவை பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார், வீட்டுக்குள் போய்விட்டார். ஹெட் ஆபீஸ் தவறு செய்துவிட்டது, திரும்பவும் எழுதுகிறேன் என்று மற்றவர்களிடம் சொன்னேன். உண்மையில் அப்படித்தான் நம்பினேன். நாங்கள் ஒன்று கேட்டோம், அவர்கள் வேறொன்று கொடுத்தார்கள் என்று இறங்கி வரும் வழியெல்லாம் கொழும்பைத் திட்டிக்கொண்டு வந்தேன்.

5. காலை பத்து மணி

பத்து நாளில் மழை பிடித்தது. இரண்டாம் நாளும் விடவில்லை. மூன்றாம் நாள் காலை பார்வதி அக்கா வேலைக்கு வரவில்லை. எட்டு வீட்டுக் கதவையும் தட்டியிருக்கிறார். "எடுங்க சாமானை. நான் சொல்றேன், எடுங்க" என்று மட்டும் சொன்னாராம். சிலர் முணுமுணுத்திருக்கிறார்கள். கொப்பெல்லாம் வெட்டியாயிற்று, பாரம் குறைந்துவிட்டது, இனி விழாது என்று ஒருவர் வாதாடியிருக்கிறார். அவருடைய மூட்டையைப் பார்வதி அக்காவே தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறார். மூட்டை போன பிறகு அவரும் பின்னால் போயிருக்கிறார்.

எட்டு வீட்டு ஆட்களும் புள்ளக்காம்பராவுக்கு வந்து சேர்ந்தபோது ஒன்பதரை மணி. பத்து மணிக்கு ஒரு மரம் விழுந்தது.

சத்தம் ஆபீஸ்வரைக்கும் கேட்டது. தொரை ஜீப்பை எடுத்தார், நானும் ஏறிக்கொண்டேன். மண்மேட்டோடு சேர்ந்து மரம் கடைசி இரண்டு வீடுகளின் மேல் கிடந்தது. தகரம் மடிந்து தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. பார்வதி அக்காவின் வீட்டுக்குள் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தொட்டில் கட்டிய உத்தரம் முறிந்து தரையில் கிடந்தது. அதில் கட்டியிருந்த மஞ்சள் சேலை மரத்துக்கு அடியில் இருந்தது. குழந்தை அந்த நேரத்தில் புள்ளக்காம்பராவில் பால் குடித்துக்கொண்டிருந்தது.

தொரை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். இருவரும் முழுக்க நனைந்திருந்தோம்.

6. ஃபைல்

தலைமை அலுவலகத்துக்கு ரிப்போர்ட் அனுப்ப வேண்டும். அதற்காக அந்த ஃபைலை எடுத்தேன். மேலே அவர்களுடைய அனுமதிக் கடிதம். இந்த முறை அகராதியைப் பார்த்தேன். லொப்: மரத்தின் கிளைகளை வெட்டி நீக்கு. இதோ பார், நாம் ஒன்று கேட்க இவர்கள் ஒன்று கொடுத்திருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டே அடுத்த தாளைப் புரட்டினேன். அது என்னுடைய கடிதம்.

நான்கு வரியையும் வாசித்தேன். இப்போதும் அழகாகத்தான் இருந்தது. கொழும்பில் இருந்தவர்கள் மரத்தையும் பார்க்கவில்லை, லயத்தையும் பார்க்கவில்லை. அவர்கள் கையில் இருந்தது என்னுடைய சொல் மட்டும்தான். நறுக்கி ஒழுங்குபடுத்தச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவர்கள் கிளைகளையே வெட்டச் சொல்லியிருக்கிறார்கள். கேட்டதைவிடக் கூடுதலாகக் கொடுத்திருக்கிறார்கள் என்று நான் முன்பு நினைத்தது சரிதான்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு தொரையின் அறைக்குப் போனேன்.

"சேர், தப்பு ஹெட் ஆபீஸ்ல இல்ல. நான் எழுதுனது தப்பு."

அவர் வாசித்தார். அடியில் இருந்த தன் கையெழுத்தையும் பார்த்தார்.

"நானும்தானே சைன் வச்சேன்" என்றார். தாளை என்னிடம் திருப்பித் தந்துவிட்டு, "மழைன்னு எழுது மிஸ். மழையும்தானே பெஞ்சது. ஃபைலை யாரு பாக்கப்போறா?" என்றார்.

அவர் என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். நானும் ரிப்போர்ட்டில் மழை என்று எழுதினேன். மழை பெய்ததும் உண்மை. ஆனால் அந்தத் தாளை ஃபைலில் திரும்ப வைக்கக் கை வரவில்லை. மாலையில் அதை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு புள்ளக்காம்பராவுக்குப் போனேன்.

எட்டுக் குடும்பமும் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தது. மூலையில் அடுப்பு எரிந்தது. நான் நின்றபடியே சொன்னேன். நீங்கள் சொன்னது தூரோடு எடுக்க, நான் எழுதியது ட்ரிம் செய்ய, கொழும்பில் பிழை இல்லை, பிழை என்னுடையது. சொல்லிவிட்டுத் தாளை நீட்டினேன். யாரும் வாங்கவில்லை.

பார்வதி அக்கா பேத்தியை மடியில் வைத்திருந்தார்.

"ட்ரிம்முன்னா என்னாங்க?"

"நுனியக் கத்திரிச்சு அழகாக்குறது அக்கா."

அவர் என் கையில் இருந்த தாளைப் பார்த்தார்.

"எங்க தலைக்கு மேல நின்ன மரத்த அழகாக்கச் சொல்லியா எழுதுனீங்க?"

"ஆமா அக்கா."

பின்னால் ஓர் ஆள் எழுந்து சத்தம் போட்டார். உடைந்த இன்னொரு வீட்டுக்காரர் அவர். என்னென்ன சொன்னார் என்பதை இங்கே எழுதவில்லை. எல்லாம் எனக்குச் சேர வேண்டியதுதான். பார்வதி அக்கா அவரைத் தடுக்கவில்லை, அவர் முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு என்னைப் பார்த்து, "இன்னும் மூணு நிக்குது. அழுதுகிட்டு நிக்காம அதுக்கு எழுதுங்க" என்றார். அழுகிறேன் என்று அவர் சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது.

7. ஃபெல்

மறுநாள் காலை முதல் வேலையாக அகராதியை எடுத்தேன். மரத்தைத் தறிப்பதற்குச் சரியான சொல் ஃபெல். காட்டு இலாகாவும் மரக்காரர்களும் பயன்படுத்துகிற சொல். இரண்டு அகராதியில் பார்த்து உறுதி செய்தேன். அவசரம் என்பதால் சுருக்கமாக ஈமெயில் அனுப்பினேன். ஒரு மரம் லயத்தின் மேல் விழுந்தது, மிகுதி மூன்றும் உடனே ஃபெல் என்கிற அர்த்தத்தில் இரண்டு வரி.

இம்முறை பதில் ஒரே நாளில் வந்தது. மிகுதி மூன்று மரங்களும் விழுந்தது குறித்து மிகவும் வருந்துகிறார்களாம். சேத விபரத்தையும் படங்களையும் உடனே அனுப்ப வேண்டுமாம்.

ஃபெல் என்றால் தறி. அதே ஃபெல் என்றால் விழுந்தது. முதல் வரியில் ஒரு மரம் விழுந்ததற்கு அந்தச் சொல்லைத்தான் போட்டிருந்தேன். இரண்டாவது வரியிலும் அதே சொல் இருந்தால் படிக்கிறவர் என்ன நினைப்பார்? வகுப்பில் ஃபால், ஃபெல், ஃபாலன் என்று மூன்று பத்தியாகச் சத்தமாகச் சொல்லிப் பழகியிருந்தேன். சரியான சொல்லைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் அதையெல்லாம் மறந்துவிட்டேன்.

நின்றுகொண்டிருந்த மூன்று மரங்களையும் போனில் படம் எடுத்து அனுப்பினேன். அரை மணி நேரத்தில் கொழும்பிலிருந்து ஓர் அதிகாரி கூப்பிட்டார். சிங்களத்தில் பேசினார்.

"மிஸ், விழுந்த மரத்தின் படம் கேட்டோம். இதில் மூன்றும் நிற்கிறதே?"

"நிற்கிறது சேர். அதுதான் பிரச்சினை."

"அப்படியென்றால் உங்களுக்கு என்ன வேண்டும்? ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள்" என்றார்.

அந்த நேரத்தில் எனக்கு எந்தப் பாஷையிலும் வாக்கியம் வரவில்லை. எந்தச் சொல்லை எடுத்தாலும் அதற்குள் இன்னொரு அர்த்தம் ஒளிந்திருக்கும்போல் பயம் வந்துவிட்டது. ஒரு மணி நேரத்தில் எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிப் போனை வைத்தேன்.

8. இங்க

குடையை எடுத்துக்கொண்டு புள்ளக்காம்பராவுக்குப் போனேன். "அக்கா, என்கூட வாங்க" என்றேன். எங்கே என்று அவர் கேட்கவில்லை. கவ்வாத்துக் கத்தி ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார். மழை அப்போது தூறலாக இருந்தது. மேட்டின் பின்பக்கமாகச் சுற்றி, சரிவு இல்லாத வழியாக மரத்தடிக்குப் போனோம்.

"எங்க வெட்டணும்னு காட்டுங்க அக்கா. நான் அத அப்படியே எழுதுறேன்."

அவர் குனிந்தார். தரையிலிருந்து ஒரு சாண் அளந்தார். அந்த இடத்தில் பட்டையில் கத்தியால் ஒரு கோடு கீறினார்.

"இங்க."

"மேல இருக்கிறது?"

"மேல இருக்கிறது எல்லாம் போகணும். லயத்துப் பக்கம் விழாம, கயிறு கட்டி அங்கிட்டு மேட்டுப் பக்கம் இழுத்துச் சாய்க்கணும். வேரைத் தோண்டக் கூடாது, தோண்டுனா மண்ணு எறங்கும். இதையும் எழுதுங்க."

தூரோடு எடுக்கணும் என்று அவர் முதல் நாள் சொன்னதும் இதைத்தான். வேரோடு பிடுங்க வேண்டும் என்று அவர் ஒருபோதும் சொல்லவில்லை. நல்லவேளையாக அதையும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இல்லாவிட்டால் மூன்றாவது கடிதத்தில் மண்மேட்டையே இறக்கியிருப்பேன்.

மற்ற இரண்டு மரத்திலும் கோடு கீறினார். மூன்று கோட்டையும் படம் எடுத்தேன். ஆபீஸுக்கு வந்து எழுதினேன். மூன்று மரங்கள் இன்னும் நிற்கின்றன. ஒவ்வொன்றின் அடிமரத்தையும் தரையிலிருந்து ஒன்பது அங்குலத்தில், படத்தில் உள்ள கோட்டில், முழுவதுமாக அறுக்க வேண்டும். லயத்துக்கு எதிர்ப்பக்கம் சாய்க்க வேண்டும். அடிக்கட்டையையும் வேரையும் தொடக் கூடாது. வேலை முடிந்தால் அங்கே மூன்று அடிக்கட்டைகள் மட்டும் இருக்கும், மரம் இருக்காது. கடைசி வரி தேவையா என்று தொரை கேட்டார். இருக்கட்டும் சேர் என்றேன். தயவுசெய்து என்ற சொல்லை மட்டும் மேலே சேர்த்தார்.

பிறகு அதைப் புள்ளக்காம்பராவுக்கு எடுத்துப் போய் எல்லோருக்கும் தமிழில் வாசித்தேன். முன்பு சத்தம் போட்டவர் ஒரு திருத்தம் சொன்னார். மரம் வெட்டும் நாளில் லயத்துக்குள் யாரும் இருக்கக் கூடாது என்று சேர்க்கச் சொன்னார். சேர்த்தேன். அனுப்பினேன்.

மூன்றாம் நாள் அதே பாஸ் அதே லொறியில் வந்தார். பேப்பரை வாசித்துவிட்டு மண்டியிட்டு உட்கார்ந்து கோட்டைத் தேடினார். "இப்படி எழுதினா எங்களுக்கு லேசு" என்றார். இருட்டுவதற்குள் மூன்று மரமும் மேட்டுப் பக்கம் கிடந்தன. பார்வதி அக்கா ஒவ்வொரு அடிக்கட்டையிலும் கையை வைத்துப் பார்த்துவிட்டு இறங்கினார்.

ஆறு குடும்பங்கள் அந்த வாரமே வீட்டுக்குத் திரும்பின. உடைந்த இரண்டு வீடுகளைக் கட்டி முடிக்க ஏழு மாதம் ஆனது. அதுவரை பார்வதி அக்காவின் குடும்பம் புள்ளக்காம்பராவிலேயே இருந்தது. அந்தக் குழந்தை முதன்முதலில் தவழ்ந்தது அங்கேதான். அந்த ஏழு மாதமும் அந்த வழியாகத்தான் நான் வேலைக்குப் போனேன். சுற்றிப் போக வேறு பாதை இருந்தது. அந்தப் பாதையில் போகவில்லை.

ஓய்வு பெறும்வரை இன்னும் எத்தனையோ கடிதம் எழுதினேன். வெட்டுகிற வேலை எதுவானாலும் எதை, எந்த இடத்தில், வெட்டிய பிறகு என்ன மிஞ்சும் என்று மூன்றையும் எழுதாமல் கையெழுத்துக்கு அனுப்பியதில்லை. கேட்டு வந்தவருக்குத் தமிழில் வாசித்துக் காட்டாமல் தபாலில் போட்டதுமில்லை. அவர் ஆமாம் என்று சொன்னால் மட்டும் போதாது, தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். இதனால் நான் வேலையில் மந்தம் என்று பெயர் வாங்கினேன். புதிதாக வந்த ஒரு சின்னத் தொரை என் கடிதங்கள் ஆஸ்பத்திரி மருந்துச் சீட்டு மாதிரி இருக்கின்றன என்றார். அவர் சொன்னது சரி. அதற்குப் பிறகு நான் எழுதிய எந்தக் கடிதமும் அழகாக இல்லை. ஆனால் 'நீங்கள் கேட்டது என்ன?' என்று எந்தக் கடிதத்துக்கும் பதில் வந்ததில்லை.